கொங்கு என்னும் சொல்லில் எழுத்துகள் எத்தனை?

எங்கள் தமிழ்த்துறை அலமாரியில், பழைய ஆண்டுமலர்களுக்கும் தேர்வுத் தாள்களுக்கும் நடுவே, ஒரு குறுந்தகடு நெடுநாள் கிடந்தது. 2003-ஆம் ஆண்டில் நாங்கள் முதுகலை மாணவர்களாக இருந்தபோது, அவிநாசி, சேவூர், காங்கயம், சென்னிமலைப் பக்கத்து ஊர்களில் அலைந்து சேர்த்த தறிப்பாடல்களும் நெசவுச் சொற்களும் அதில் இருந்தன. பாவு, ஊடை, தார், நாடா, விழுது, தறிக்குழி என்று ஒவ்வொரு சொல்லையும், அதைச் சொன்ன பாட்டியின் வாய்மொழி விளக்கத்தோடு எழுதி வந்தோம். பனியன் கம்பெனிகள் அவ்வூர்களின் இளையவர்களை ஏற்கெனவே திருப்பூருக்கு இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. தறிக்குழிகள் மண் மூடிக்கொண்டிருந்தன. பாடியவர்களில் இன்று ஒருவரும் உயிரோடில்லை. ஒலிநாடாக்களைக் கரையான் அரித்துவிட்டது. எஞ்சியது அந்தக் குறுந்தகடு ஒன்றுதான்.

சில ஆண்டுகளுக்கு முன், ஆய்வு மாணவி ஒருவர் கேட்டதற்காக அதைத் திறந்தோம். கோப்புகள் திறந்தன. தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் கலந்த ஒரு குப்பை, பக்கம் பக்கமாக நீண்டது. சற்று நேரம் உற்றுப் பார்த்த பிறகு, தட்டச்சு நிலையத்தில் 'யளனகப' அடித்துப் பழகிய விரல்களுக்கு விடை தெரிந்தது. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து குறிகள் அடுத்தடுத்து வந்தால் அது 'தமிழ்'. கோப்பு பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டது. புதிய கணினியில் பாமினி இல்லை.

எழுத்துருவைத் தேடி நிறுவினால் அன்றைய தேவை தீர்ந்துவிடும். ஆனால் அந்தக் கோப்பில் ஒரு சொல்லைத் தேட முடியாது, அகரவரிசைப்படுத்த முடியாது, இணையத்தில் இட்டால் எவரும் கண்டடைய முடியாது. அதைத் தமிழாக்க வேண்டியிருந்தது, தமிழிலிருந்து தமிழுக்கு. அந்த வேலையின்போது, உரை எடிட்டர்களுக்குள் குடியிருக்கும் சிறு நிரல்மொழிகளை அருகிருந்து பார்க்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டியது. இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எழுத்து என்றால் என்ன என்ற பழைய இலக்கணக் கேள்விக்கு அந்த மொழிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விடை வைத்திருக்கின்றன. அந்த விடைகளைப் பொறுத்தே எங்கள் பாட்டிமாரின் பாடல்கள் பிழைத்தன.

*

முதலில், தமிழ் எப்படி ஆங்கில வேடம் பூண்டது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம்.

எட்டு பிட் கணினியில் ஓர் எழுத்துருவுக்கு 256 இடங்கள். அவற்றில் முதற்பாதி ஆங்கிலத்துக்கும் அதன் குறிகளுக்கும் உரியது. நமக்கோ 247 எழுத்துகள். எனவே எழுத்துரு செய்தவர்கள் தட்டச்சுப்பொறியின் வழியைப் பின்பற்றினார்கள்: எழுத்தை உடைத்து, கொம்பு, கால், கொக்கி, புள்ளி என்று உறுப்புகளுக்கு இடம் கொடுத்தார்கள். பாமினி போன்றவை இன்னும் ஒரு படி போய், ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் உறுப்புகளை வைத்தன. ஈழத்தமிழர் இதழ்களிலும் தமிழ்நாட்டு அச்சகங்களிலும் இவ்வகை எழுத்துருக்கள் பரவின. திருப்பூரிலும் பனியன்களுக்கான சலவைக் குறிப்புச் சீட்டுகளையும் திருமண அழைப்பிதழ்களையும் ஒருசேர அடித்துத் தந்த டி.டி.பி. கடைகளில் இவையே வழக்கு. எங்கள் பாடல்களும் அப்படியொரு கடையில்தான் அடிக்கப்பட்டன.

இந்தக் குழப்பத்துக்கு முடிவு காண முயன்றவர்கள் உண்டு. உலகெங்கும் இருந்த தமிழர்கள் 1990-களின் பிற்பகுதியில் மின்னஞ்சல் குழுவில் கூடி வாதித்து திஸ்கி என்னும் குறியீட்டை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்'99 மாநாட்டை அடுத்து, அதே ஆண்டு தமிழக அரசு டாம், டாப் என்னும் குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்று ஆணையிட்டது. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1991-இல் வெளிவந்த யுனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. இறுதியில் நிலைத்தது அதுதான். 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டமே, பழைய எழுத்துருவிலிருந்து திஸ்கிக்கும் திஸ்கியிலிருந்து யுனிகோடுக்கும் தன் நூல்களைப் பெயர்க்க வேண்டியிருந்தது.

பெயர்ப்பு என்றால் ஒன்றுக்கு ஒன்று மாற்றுவது என்று எண்ணிவிடக் கூடாது. 'கொ' என்னும் எழுத்து பாமினியில் மூன்று துண்டுகள்: ஒற்றைக்கொம்பு, ககரம், கால். கண் பார்க்கும் வரிசையில் அவை நிற்கும். யுனிகோடில் அது இரண்டு குறிகள்: முதலில் ககரம், பிறகு ஒகரக் குறி. அதாவது யுனிகோடு காதால் கேட்கும் வரிசையில் எழுதுகிறது. பாமினி கண்ணால் காணும் வரிசையில் எழுதுகிறது. வெறும் 'தேடு, மாற்று' கட்டளையால் இந்த இடைவெளியைக் கடப்பது கடினம். 'கொம்புக்கும் காலுக்கும் நடுவே எந்த மெய் நின்றாலும், அதை முன்னே கொண்டு வா' என்று ஒரு விதியாகச் சொல்ல வேண்டும். விதியைச் சொல்ல ஒரு மொழி வேண்டும்.

*

எடிட்டருக்குள் மொழியை வைக்கும் எண்ணம் பழையது. 1962 வாக்கில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டான் மர்ஃபி என்பவர் டெக்கோ என்ற எடிட்டரைச் செய்தார். துளைகளிட்ட காகித நாடாவில் பிழைதிருத்துவதற்காகப் பிறந்தது அது. அதன் கட்டளைகள் ஒற்றை எழுத்துகள். அவற்றைக் கோத்தால் அதுவே நிரல். 1976-இல் அதே கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மனும் கை ஸ்டீலும் பிறரும் அந்தக் கோவைகளைத் திரட்டி ஒழுங்குபடுத்தியபோது எமாக்ஸ் பிறந்தது. 'திருத்தும் மேக்ரோக்கள்' என்பதன் சுருக்கமே அப்பெயர்.

டெக்கோவின் கட்டளைக் கோவைகள், எழுதியவருக்கே மறுநாள் புரியாதவை என்று பெயர் வாங்கியவை. 1978-இல் பெர்னார்ட் கிரீன்பெர்க், மல்டிக்ஸ் என்னும் கணினி அமைப்புக்காக எமாக்ஸை லிஸ்ப் என்னும் முழு நிரல்மொழியில் எழுதினார். அதைப் பற்றி ஸ்டால்மன் 2002-ஆம் ஆண்டு உரையொன்றில் நினைவுகூர்ந்த செய்தி ஒன்று உண்டு. கிரீன்பெர்க்கின் அலுவலகச் செயலர்கள் அந்த எடிட்டரைத் தம் தேவைக்கேற்பத் தாமே விரிவுபடுத்தக் கற்றுக்கொண்டார்கள். அவர்களிடம் தரப்பட்ட கையேட்டில் 'இது நிரல் எழுதுதல்' என்ற சொல்லே இல்லை. எனவே அவர்கள் அஞ்சவில்லை.

இதைப் படித்தபோது எங்களுக்கு அந்த டி.டி.பி. கடை அக்காவின் நினைவு வந்தது. ஒரே சலவைக் குறிப்பைப் பல நாட்டு மொழிகளில் ஒரே அளவுப் பெட்டிக்குள் அமைக்கும் வேலையை அவர் வேர்ட் மென்பொருளில் ஒற்றை விசையில் முடிப்பார். தம் செய்கைகளை ஒரு முறை பதிவு செய்து, பிறகு அதையே மீண்டும் மீண்டும் ஓட்டுவார். வியந்து கேட்டபோது, "நானொண்ணும் புரோகிராம் எழுதலீங்க, பதிஞ்சு வெச்சதுதானுங்க" என்றார். பதிந்ததை வேர்ட் தனக்குள் நிரலாகவே எழுதி வைக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

எமாக்ஸின் கிளைகளில் ஒன்று 1981-இல் ஜேம்ஸ் காஸ்லிங் எழுதியது. பின்னாளில் ஜாவா மொழியைத் தந்தவர் அவர். அவருடைய எமாக்ஸில் இருந்த மாக்லிஸ்ப், பார்வைக்கு லிஸ்ப் போலவே தோன்றும். ஆனால் பட்டியல் போன்ற தரவு அமைப்புகள் அதில் இல்லை. ஸ்டால்மன் அதை ஏற்காமல், 1985-இல் வெளிவந்த குனு எமாக்ஸில் மெய்யான லிஸ்ப்பையே வைத்தார். எடிட்டரின் பெரும்பகுதி அந்த லிஸ்ப்பிலேயே எழுதப்பட்டது. எனவே பயனர் எழுதும் விதியும் எடிட்டரைச் செய்தவர் எழுதிய விதியும் ஒரே தரத்தில் நிற்கின்றன.

இன்னொரு குடும்பம் வீ. 1976-இல் பில் ஜாய் எழுதியது. அதன் வழித்தோன்றலாக நெதர்லாந்தின் பிராம் மூலனார் 1991-இல் விம் எடிட்டரை வெளியிட்டார். 1998-இல் வந்த 5.0 பதிப்பில்தான் அதற்கென ஒரு நிரல்மொழி சேர்ந்தது. நாம் விசைப்பலகையில் அடிக்கும் கட்டளைகளே வரிவரியாக அடுக்கப்பட்டு, 'ஆயின்', 'அதுவரை' போன்ற கட்டுகளோடு மொழியாயின. வட்டார வழக்கு இலக்கியமானதைப் போன்ற வளர்ச்சி இது: வேண்டியபோது வேண்டியது சேர்ந்தது, ஒழுங்கு பின்னால் வந்தது. அந்த ஒழுங்கை 2022-இல் விம்9 என்னும் புதிய வடிவமாகத் தந்த மூலனார், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மறைந்தார். விம்மிலிருந்து 2014-இல் பிரிந்த நியோவிம், 1993-இல் பிரேசிலில் பிறந்த லுவா என்னும் சிறுமொழியைத் தழுவிக்கொண்டது.

மூன்றாவது, அலுவலகங்களின் வழி. 1989-இல் விண்டோஸுக்கான முதல் வேர்டோடு வேர்ட்பேசிக் வந்தது; வேர்ட் 97-இல் அதன் இடத்தை வி.பி.ஏ. பிடித்தது. 1999-இல் மெலிசா என்ற நச்சுநிரல் இதே மொழியில் எழுதப்பட்டு உலகின் அஞ்சல்பெட்டிகளை நிறைத்தபின், மேக்ரோ என்ற சொல்லே ஐயத்துக்குரியதாயிற்று. 2015-இல் வந்த வி.எஸ். கோடு, உலாவிகளின் மொழியான ஜாவாஸ்கிரிப்டை நீட்சிகளுக்கு வைத்திருக்கிறது.

திருப்பூர்க்காரர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்குவது எளிது. வட்ட நிட்டிங் இயந்திரத்தில் ஊசிகளை ஏற்றி இறக்கும் கேம்களின் வரிசையை மாற்றினால், அதே நூலில் வேறு துணி வரும். நிட், டக், மிஸ் என்ற மூன்று அசைவுகளை எந்த முறையில் வைப்பது என்பதே நிட்டிங் மாஸ்டரின் கலை. கேமைக் கழற்ற விடாத இயந்திரம் ஒரே துணியைத்தான் தரும். நிரல்மொழி இல்லாத எடிட்டரும் அப்படியே.

*

இவற்றுக்குள் தமிழ் எப்படி நுழைந்தது என்பதைப் பார்த்தால், உள்ளே மொழி இருந்ததால்தான் நம் மொழி உள்ளே வர முடிந்தது என்பது தெரியும்.

எமாக்ஸில் தமிழ் எழுத்துகளைக் கோத்துக் காட்டும் நிரலை எழுதியவர் கவபாதா தாயிச்சி என்னும் ஜப்பானியர். கொம்பை மெய்யின் முன்னே கொண்டுவந்து வைக்கும் வேலையை எழுத்துருவோ இயக்குதளமோ செய்யாத சூழலில், அதை எமாக்ஸ் லிஸ்ப்பிலேயே செய்தார். 2007-இல் வெளிவந்த எமாக்ஸ் 22-இல் தமிழ்ச் சூழல் இடம்பெற்றது. 2009-இல் வந்த 23-ஆம் பதிப்பு யுனிகோடை அடித்தளமாகக் கொண்டு, எழுத்தைக் கோக்கும் பணியை எழுத்துரு நுட்பத்திடம் ஒப்படைத்தபின் பழைய ஏற்பாடு தேவையற்றதாயிற்று. ஆனாலும் தேவைப்பட்ட காலத்தில் அது இருந்தது. நிறுவனம் எதுவும் தமிழ்ச் சந்தையின் அளவைக் கணக்கிட்டு இசைவு தரும்வரை எவரும் காத்திருக்கவில்லை.

விம்மில் தமிழ் வந்தது வேறு வழியில். 2001-இல் வெளிவந்த 6.0 பதிப்பில் விசைவரைபடம் என்ற வசதி சேர்ந்தது: இன்ன விசைகளை அடித்தால் இன்ன எழுத்து என்று வரிவரியாக எழுதிய ஒரு கோப்பு. அதில் திஸ்கிக்கான தமிழ்க் கோப்பை எழுதியவர் எகப்பன் லட்சுமணன். விம் உலகில் வேறு பல நிரல்களுக்காகவும் அறியப்பட்டவர் அவர்.

அட்டவணைக்கும் விதிக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ்99 விசைப்பலகையை வைத்து விளங்கிக்கொள்ளலாம். ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலதன் மேல் தானே புள்ளி விழ வேண்டும் என்பது அதன் நெறி. ஙகரத்தை அடுத்துக் ககரம், ஞகரத்தை அடுத்துச் சகரம், ணகரத்தை அடுத்து டகரம் என்று மெல்லினத்தை அடுத்து அதன் இனவெழுத்து வந்தாலும் அப்படியே. விசைப்பலகைக்குள் இலக்கணம் புகுந்த அரிய இடம் இது. இதை அட்டவணையாக எழுதினால் 18 மெய்களுக்கும் 18 வரிகள், இனவெழுத்து இணைகளுக்கு 6 வரிகள், உயிர்மெய்களுக்கு 216 வரிகள். விதியாக எழுதினால், 'மெய்யை மெய் தொடர்ந்து, இரண்டும் ஒன்றாகவோ இனமாகவோ இருப்பின் முன்னது புள்ளி பெறும்' என்று ஒரே நூற்பாவில் முடியும். எமாக்ஸில் இன்று தமிழ்99 உள்ளீட்டு முறை இருக்கிறது. விம்மின் மொழியிலும் சுழற்சியும் சார்பும் உண்டு. அட்டவணையை விதியால் பிறப்பித்துக்கொள்ளலாம். ஆனால் விசைவரைபடக் கோப்பு தன்னளவில் அட்டவணைதான். நிகண்டுக்கும் இலக்கணத்துக்கும் உள்ள தொலைவு இது. இரண்டும் வேண்டும், ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

வேர்டின் கதை இன்னும் விந்தையானது. விண்டோஸ் 2000 முதல் இயக்குதளத்தில் தமிழ் இருக்கிறது. வேர்ட் ஆவணத்தில் தமிழை அழகாக அடிக்கலாம். ஆனால் வி.பி.ஏ. நிரலை எழுதும் சாளரம் யுனிகோடு அறியாதது. அங்கே 'க' என்று எழுதினால் கேள்விக்குறி விழும். ககரத்தை 2965 என்றும், காலை 3006 என்றும், ஒற்றைக்கொம்பை 3014 என்றும், ஒகரக் குறியை 3018 என்றும் எண்ணால்தான் குறிக்க வேண்டும். தமிழ் ஆவணத்தைத் திருத்தும் நிரலுக்குள் தமிழுக்கு இடமில்லை.

*

இனி எங்கள் கோப்புகள்.

இணையத்தில் சுரதாவின் பொங்குதமிழ் போன்ற எழுத்துரு மாற்றிகள் உண்டு. ஒரு பெட்டியில் பாமினியை இட்டால் மறுபெட்டியில் யுனிகோடு வரும். 2000-களின் தொடக்கம் முதல் எண்ணற்ற தமிழர்களுக்கு அவை செய்த உதவியை எவ்வளவு சொன்னாலும் தகும். எங்கள் இடர் வேறிடத்தில் இருந்தது. பாடல்களின் அடிக்குறிப்புகளில் நூலின் கவுண்ட் அளவு, ஆலைச் சொற்கள், மேற்கோள் நூல்களின் பெயர்கள் எனப் பலவும் ஆங்கிலத்தில் இருந்தன. பாமினியில் தமிழும் ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்படுவதால், எது தமிழ், எது ஆங்கிலம் என்று மாற்றிக்குத் தெரியாது. ஆங்கிலம் முழுவதும் பொருளற்ற தமிழாயிற்று.

எமாக்ஸும் விம்மும் இவ்விடத்தில் உதவா. அவை காண்பது வெறும் உரை. எழுத்துருவின் பெயர் அவற்றின் கண்ணில் படாது. நாங்கள் குறை கூறிய வி.பி.ஏ.தான் இங்கே கை கொடுத்தது. ஆவணத்தின் ஒவ்வொரு எழுத்தையும் நோக்கி, 'நீ எந்த எழுத்துருவில் இருக்கிறாய்?' என்று அதனால் கேட்க முடியும். பாமினியில் உள்ள பகுதிகளுக்கு மட்டும் இருபுறமும் அடையாளக்குறி இடும் சிறு மேக்ரோ ஒன்றை எழுதினோம். அதில் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தேவைப்படவில்லை என்பது நல்வாய்ப்பு. குறியிட்ட உரையை வெறும் உரைக்கோப்பாகச் சேமித்து, எஞ்சிய வேலையை எமாக்ஸிலும் விம்மிலும் செய்தோம்.

அங்கேதான் 'தார்' வந்தது. தார் சுற்றுவது பாட்டிமாரின் வேலை. ஆகவே ஏறத்தாழ ஒவ்வொரு பாட்டிலும் அச்சொல் உண்டு. மாற்றிய கோப்பில் அது தகரத்துக்குப் பின் இரண்டு கால்களும் ஒரு புள்ளியுமாக நின்றது. அவிநாசித் தேரைப் பாடிய இடத்தில் தேர் 'தோ' ஆகி, அதன் தலையில் ஒரு புள்ளி தொங்கியது. காரணம் தட்டச்சுப் பழக்கம். பழைய அச்சில் ர், ரி, ரீ ஆகியவற்றின் கீழ்க்காலை விட்டு எழுதும் வழக்கம் இருந்தது. அவ்வடிவம் துணைக்காலைப் போலவே இருப்பதால், தட்டச்சர்கள் அங்கெல்லாம் ரகரத்துக்குப் பதில் கால் விசையையே அடித்தார்கள். தாளில் வேறுபாடு தெரியாது. கணினிக்கு அது வேறெழுத்து.

ஆயிரக்கணக்கான இடங்கள். ஒவ்வொன்றாகத் திருத்த ஆண்டுகள் ஆகும். ஆனால் இலக்கணம் படித்தவனுக்கு இதில் ஒரு வழி தெரியும்: ஒரு மெய் ஓர் உயிரோடுதான் கூடும். கால் என்னும் குறி வந்தபின் அதே எழுத்தில் புள்ளியோ இகரக் குறியோ ஈகாரக் குறியோ வர இயலாது. அப்படி வந்திருந்தால் அந்தக் கால் காலன்று, ரகரம். இதை எடிட்டரின் மொழியில் எழுதினால் ஒரே வரி: எச் என்னும் எழுத்தை அடுத்து அரைப்புள்ளியோ சிறிய பி-யோ பெரிய பி-யோ வந்தால், அந்த எச்சை யூ ஆக்கு. பாமினியில் யூ என்பது ரகரம். அந்த வரியை ஓட்டியதும், தார் எல்லாம் தாராயிற்று.

தேர் மட்டும் முதல் முயற்சியில் சரியாகவில்லை. கொம்பையும் காலையும் சேர்த்து ஓகாரமாக்கும் விதியை நாங்கள் முதலில் ஓட்டியிருந்தோம். தேரின் கால் ரகரம் என்று தெரியும் முன்பே அது ஓகாரத்தில் கரைந்துவிட்டது. ரகர விதியை முன்னும் ஓகார விதியைப் பின்னும் வைத்தபோது தேர் நிலைக்கு வந்தது. 'முறையின் வைப்பு' என்பதை நன்னூல் ஒரு நூலின் பத்து அழகுகளில் ஒன்றாகச் சொல்கிறது. வகுப்பில் பல ஆண்டுகள் அதை ஒப்புவித்திருக்கிறோம். வைப்பு மாறினால் பொருளே மாறும் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டோம்.

இதில் இன்னொரு பாடமும் கிடைத்தது. இவ்விதிகளை யுனிகோடாக மாற்றியபின் எழுதுவதைவிட, பாமினியாக இருக்கும்போதே எழுதுவது எளிது. யுனிகோடில் புள்ளியை விம் தனியெழுத்தாகக் கருதாது. மெய்யோடு ஒட்டிய இணைகுறியாகவே நடத்தும். திரையில் காண அது நன்று. புள்ளியைத் தேடி மாற்ற அது இடர். எமாக்ஸ் லிஸ்ப் அதைத் தனிக்குறியாகவே எடுத்துக்கொள்ளும்.

விதிக்கு அடங்காதவையும் உண்டு. ஔகாரக் குறியின் வலப்பகுதியும் ளகரமும் ஒரே வடிவம். கொம்பை அடுத்து ஒரு மெய்யும் அதன்பின் ளகரமும் வந்தால், அது ஔகாரமா, எகரமும் ளகரமுமா என்று அச்சொல்லை அறிந்தவரே சொல்ல முடியும். இத்தகைய இடங்களில் எமாக்ஸும் விம்மும் ஒவ்வொன்றிலும் நின்று, 'மாற்றவா?' என்று கேட்கும். வௌவாலுக்கு ஆம் என்றோம். பாட்டிகளின் வட்டார வடிவங்கள் சிலவற்றுக்கு மட்டும் விடை தெரியாமல் நின்றோம். கேட்டுத் தெளிய ஆளில்லை. அவற்றை மாற்றாமல் குறியிட்டு வைத்திருக்கிறோம்.

*

வேலை முடிந்தபின் சொற்களின் அளவைக் கணக்கிட விரும்பி, 'கொங்கு' என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள் என்று ஒவ்வொரு மொழியையும் கேட்டுப் பார்த்தோம். பள்ளிப் பிள்ளையும் சொல்லும்: கொ, ங், கு, மூன்று. யாப்பில் அது தேமா.

வேர்டின் மொழி 6 என்றது. எமாக்ஸும் 6 என்றது. ககரம், ஒகரக் குறி, ஙகரம், புள்ளி, ககரம், உகரக் குறி என்று எண்ணிய கணக்கு. விம்மின் பழைய நீளச் சார்பு 18 என்றது. அது கணினி சேமிக்கும் பைட்டுகளை எண்ணுகிறது, ஒவ்வொரு குறிக்கும் மூன்றாக. எழுத்தை எண்ணும் வேறொரு சார்பு விம்மில் உண்டு. அதைக் கேட்டால் 6. நியோவிம்மின் லுவாவும் 18 என்றது. வி.எஸ். கோடுக்கு அடித்தளமான ஜாவாஸ்கிரிப்டில் வெறும் நீளம் 6. ஆனால் எழுத்துக்கொத்துகளைப் பிரிக்கும் புதிய கருவியிடம் கேட்டால் 3. எங்கள் பட்டியலில் தமிழாசிரியரோடு உடன்பட்டது அது ஒன்றே.

2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு யுனிகோடோடு டேஸ்16 என்ற குறியீட்டையும் ஏற்றதன் பின்னணியில் இருந்த மனக்குறையும் இதுவே. அதில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம், கொங்கு மூன்றுதான். உலகம் அவ்வழியில் வரவில்லை. அதற்காக வருந்திக்கொண்டிருப்பதில் பயனில்லை என்றே எண்ணுகிறோம். மெய்யும் உயிரும் கூடிப் பிறப்பதே உயிர்மெய் என்று சொன்ன மரபு நம்முடையது. ஆறு என்ற விடையும் நமக்கு அந்நியமானதன்று. எந்தக் கணக்கு எவ்விடத்துக்கு உரியது என்று சொல்லும் உரிமை நம்மிடம் இருக்கிறதா என்பதே கேள்வி. எண்ணும் முறையை மாற்றி எழுத இடம் தரும் எடிட்டரில் அந்த உரிமை இருக்கிறது.

எனவே, இவற்றுள் எது சிறந்தது என்று கேட்பவர்களுக்கு எங்கள் விடை இது. ஆவணத்தின் வடிவம் அறிய வி.பி.ஏ.; விரைந்து ஒரு வரியில் திருத்த விம்; இலக்கணத்தை விதியாக எழுதிவைக்க எமாக்ஸ் லிஸ்ப். ஆனால் எங்கள் கோப்புகளைக் காத்த அந்த ரகர விதியை எந்த மொழியும் தானே அறிந்திருக்கவில்லை. அதைத் தமிழ் படித்த ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னபோது கேட்டுக்கொள்ள அந்த மொழிகளுக்குத் தெரிந்திருந்தது.

பவணந்தி முனிவர் தம் பாயிரத்தில் நூல் என்ற சொல்லுக்குக் காரணம் காட்டுகிறார். சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், வாயைக் கையாகவும், அறிவைக் கதிராகவும் உருவகம் செய்கிறார். அவர் பிறந்த சனகை, பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரமே என்பது கொங்கு நாட்டார் வழங்கும் மரபு. நூற்கும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவர் கண்ட உவமை அது என்று எண்ணிக்கொள்வதில் எங்களுக்கு ஒரு மகிழ்ச்சி.

துறை அலமாரியில் இப்போது குறுந்தகடு இல்லை. பாடல்கள் எழுத்துரு வேண்டாத வெறும் உரைக்கோப்புகளாக இருக்கின்றன. நகலெடுத்துப் பலருக்கும் தந்துவிட்டோம். ஒவ்வொரு நகலோடும் அந்தச் சில வரி விதிகளையும், விடை தெரியாத சொற்களின் பட்டியலையும் சேர்த்தே தருகிறோம். தறிவேலை அறிந்த முதியவர் எவரேனும் உங்கள் வீட்டில் இருந்தால், அந்தப் பட்டியலை ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.